மென்பொருளை வாங்கலாம், திறனை வாங்க முடியுமா? பரமட்டா பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் தரும் பாடம்

தொற்றுநோய் ஒன்று பரவத் தொடங்கும் போது அதனைத் தடுத்து நிறுத்தும் முதல் அரண், பெரும் மருத்துவமனைகளோ தலைநகரில் உள்ள அமைச்சகங்களோ அல்ல. நோயாளியின் பெயரைக் கேட்டுப் பதிந்து, அவர் சென்ற இடங்களை விசாரித்து, அவருடன் பழகியோரைத் தேடிக் கண்டறியும் உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பணியாளர்களே அந்த அரண். ஒரு காலத்தில் இவர்களது கருவிகளாகப் பேனாவும் பதிவேடும் தொலைபேசியும் இருந்தன. இன்று அந்த வேலையின் பெரும்பகுதி கணினித் திரையில் நடைபெறுகிறது. ஆனால் கணினிகளுக்கும் மென்பொருட்களுக்கும் அரசுகள் செலவிடும் அக்கறை, அவற்றைக் கையாளும் பணியாளர்களின் திறனை வளர்ப்பதில் காட்டப்படுகிறதா என்ற கேள்வி பல நாடுகளிலும் எழுந்துள்ளது.

ஆஸ்திரேலியாவின் சிட்னி மாநகரின் மேற்கே அமைந்துள்ள பரமட்டா, இக்கேள்வியை ஆராய்வதற்குப் பொருத்தமான இடம். பரமட்டாவும் அதனை அண்டிய வெஸ்ட்மீட், வென்ட்வர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, ஜிராவீன் ஆகிய புறநகர்களும் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகள். ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோரின் எண்ணிக்கை 2021ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 95,000க்கும் அதிகம். அவர்களில் கணிசமானோரின் நலனைக் கண்காணிக்கும் பொறுப்பு மேற்கு சிட்னியின் பொதுச் சுகாதாரப் பணியாளர்களிடம் உள்ளது.

உள்ளூர்ப் பிரிவு என்பது என்ன?

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் அரசு மருத்துவச் சேவைகள் 2011ஆம் ஆண்டு முதல் உள்ளூர் சுகாதார மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டு இயங்கி வருகின்றன. அவற்றில் ஒன்றான மேற்கு சிட்னி உள்ளூர் சுகாதார மாவட்டம், பரமட்டா, கம்பர்லண்ட், பிளாக்டவுன், ஹில்ஸ் ஆகிய உள்ளாட்சிப் பகுதிகளில் வசிக்கும் பத்து லட்சத்துக்கும் அதிகமானோருக்குப் பொறுப்பானது. 1978ஆம் ஆண்டு திறக்கப்பட்ட வெஸ்ட்மீட் மருத்துவமனை இதன் மிகப் பெரிய மருத்துவமனை.

இந்த மாவட்டத்தின் பொதுச் சுகாதாரப் பிரிவு நீண்ட காலம் வடக்குப் பரமட்டாவில் உள்ள கம்பர்லண்ட் மருத்துவமனை வளாகத்தில் இருந்து செயற்பட்டு வந்தது. நோயாளிகளுக்கு இங்கே சிகிச்சை அளிக்கப்படுவதில்லை. தொற்றுநோய்களைக் கண்காணிக்கும் தாதியர், தொற்றுநோயியல் நிபுணர்கள், சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரிகள், தடுப்பூசித் திட்டப் பணியாளர்கள், பொதுச் சுகாதார மருத்துவர்கள் என்று பல துறையினர் இத்தகைய பிரிவுகளில் ஒரே கூரையின் கீழ் பணியாற்றுகின்றனர்.

மாநிலத்தின் 2010ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம், குறிப்பிட்ட சில நோய்கள் கண்டறியப்பட்டால் அதனைப் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவிக்க வேண்டிய கடமையை மருத்துவர்கள், மருத்துவமனைகள், ஆய்வுகூடங்கள் ஆகியோர் மீது சுமத்துகிறது. சில நோய்களைப் பொறுத்தவரை பள்ளிக்கூடங்களும் குழந்தைகள் காப்பகங்களும் கூட அறிவித்தாக வேண்டும். இவ்வாறு வந்து சேரும் அறிவிப்புகள் அனைத்தும் மாநிலம் முழுவதற்கும் பொதுவான ஒரு மின்னணுத் தகவல் அமைப்பில் பதிவாகின்றன.

72 மணி நேரக் கெடு

தகவல் தொழில்நுட்பத் திறன் என்பது இந்த இடத்தில் எவ்வளவு நடைமுறை சார்ந்த விஷயம் என்பதைத் தட்டம்மை நோயின் உதாரணம் தெளிவாக்கும். இலங்கையில் சின்னமுத்து எனப்படும் இந்த நோய், மனிதர்களிடையே மிக வேகமாகப் பரவும் நோய்களில் ஒன்று. ஆஸ்திரேலியாவில் தட்டம்மை உள்ளூரில் தொடர்ந்து பரவும் நிலை ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2014ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆயினும் வெளிநாடுகளில் இருந்து திரும்புவோர் மூலமாக நோய் அவ்வப்போது உள்ளே வருகிறது. 2012ஆம் ஆண்டில் சிட்னியின் மேற்கு, தென்மேற்குப் பகுதிகளை மையமாகக் கொண்டு ஏற்பட்ட பரவலில் மாநிலத்தில் 168 பேர் பாதிக்கப்பட்டனர்.

தட்டம்மை கண்ட ஒருவர், உடலில் தடிப்புகள் தோன்றுவதற்கு நான்கு நாட்கள் முன்பிருந்தே பிறருக்கு அதனைப் பரப்பக்கூடியவர். அவருடன் ஒரே அறையில் இருந்த, நோயெதிர்ப்புச் சக்தி இல்லாத ஒருவருக்கு, 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் நோயைத் தடுக்கும் வாய்ப்பு உண்டு. தடுப்பூசி போட முடியாத கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள் போன்றோருக்கு ஆறு நாட்களுக்குள் நோயெதிர்ப்புப் புரதம் செலுத்தப்பட வேண்டும். அதற்குப் பின்னர் தேடிக் கண்டுபிடித்தாலும் பெரிய பயன் இல்லை.

ஆகவே அறிவிப்பு வந்தவுடன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. நோயாளி எந்த விமானத்தில், எந்த வரிசையில் அமர்ந்து வந்தார், எந்த மருத்துவரின் காத்திருப்பு அறையில் எத்தனை மணிக்கு இருந்தார், எந்தத் திருமண மண்டபத்துக்கோ கோயிலுக்கோ சென்றார் என்று பணியாளர் விசாரிக்கின்றார். விமான நிறுவனத்தில் இருந்து ஒரு பட்டியல் ஒரு வடிவத்திலும், மருத்துவமனையில் இருந்து இன்னொரு பட்டியல் வேறொரு வடிவத்திலும் வந்து சேர்கின்றன. இரண்டையும் ஒன்றிணைத்து, இரட்டிப்பான பெயர்களை நீக்கி, ஆஸ்திரேலிய தடுப்பூசிப் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, யாரை முதலில் அழைக்க வேண்டும் என்று வரிசைப்படுத்த வேண்டும்.

இதனை அறிந்த ஒருவர் ஓரிரு மணி நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை, அறியாத ஒருவருக்கு ஒரு நாள் முழுவதையும் விழுங்கிவிடக்கூடும். 72 மணி நேரக் கெடுவில் ஒரு நாள் என்பது மூன்றில் ஒரு பங்கு.

ஒலிம்பிக்கில் இருந்து தொடங்கிய அனுபவம்

நியூ சவுத் வேல்ஸ் இத்திறனைத் திடீரென்று பெற்றுவிடவில்லை. 1990ஆம் ஆண்டு முதல் அம்மாநிலம் பொதுச் சுகாதார அதிகாரிகளுக்கென மூன்றாண்டுப் பயிற்சித் திட்டம் ஒன்றை நடத்தி வருகின்றது. பயிற்சி பெறுவோர் வகுப்பறையில் அமர்ந்து கேட்பதைவிட, வெவ்வேறு பிரிவுகளில் மாறி மாறி உண்மையான பணிகளைச் செய்தே கற்கின்றனர். தரவுகளைத் திரட்டுவதும் பகுத்தாய்வதும் அப்பயிற்சியின் மையமான பகுதிகள்.

2000ஆம் ஆண்டில் பரமட்டாவுக்குக் கிழக்கே உள்ள ஹோம்புஷ் பகுதியில் சிட்னி ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்ற போது, மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வருவோர், தொற்றுநோய் அறிவிப்புகள், உணவுப் பாதுகாப்பு, உல்லாசக் கப்பல்கள் என்று பல மூலங்களில் இருந்து வந்த தகவல்களை நாள்தோறும் தொகுத்து ஆராயும் கண்காணிப்பு ஏற்பாடு செய்யப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2003ஆம் ஆண்டின் ரக்பி உலகக் கோப்பைப் போட்டிகளை ஒட்டி, அவசரப் பிரிவுகளின் கணினிகளில் பதிவாகும் தகவல்களைத் தானாகவே திரட்டி, வழக்கத்துக்கு மாறான அதிகரிப்பு எதுவும் தென்பட்டால் எச்சரிக்கும் அமைப்பு உருவாக்கப்பட்டது. போட்டிகள் முடிந்த பின்னரும் அது கலைக்கப்படவில்லை. சளிக்காய்ச்சல் பருவங்களிலும், கடும் வெப்ப நாட்களிலும், 2009ஆம் ஆண்டில் பரவிய பன்றிக் காய்ச்சலின் போதும் அது பயன்பட்டது.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. ஒரு விழாவுக்காக அமைக்கப்பட்ட ஏற்பாடு விழா முடிந்ததும் மூடப்பட்டிருந்தால், அதனை இயக்கக் கற்றுக்கொண்டவர்களும் கலைந்து போயிருப்பர். அது அன்றாடப் பணியின் பகுதியாக்கப்பட்டதால் திறனும் தங்கியது.

கோவிட் வைத்த சோதனை

2020ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி ஆஸ்திரேலியாவில் முதல் கோவிட் தொற்றாளர்கள் நால்வர் உறுதி செய்யப்பட்டனர். அவர்களில் மூவர் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தையும் ஒருவர் விக்டோரியா மாநிலத்தையும் சேர்ந்தவர்கள். ஒரே நாட்டின் இரு அண்டை மாநிலங்கள், ஒரே நோயை, ஏறத்தாழ ஒரே நேரத்தில் எதிர்கொண்டன. ஆனால் அவற்றின் அமைப்புகள் வேறுபட்டிருந்தன.

நியூ சவுத் வேல்ஸில் பல ஆண்டுகளாக இயங்கி வந்த உள்ளூர்ப் பிரிவுகள் தத்தம் பகுதிகளில் தொடர்பாளர்களைத் தேடின. எல்லாப் பிரிவுகளும் ஒரே மின்னணுப் பதிவேட்டைப் பயன்படுத்தின. விக்டோரியாவிலோ இப்பணி மெல்பர்னில் உள்ள ஒரு மைய அலுவலகத்தில் குவிந்திருந்தது. ஆய்வுகூட முடிவுகளின் ஒரு பகுதி தொலைநகல் மூலம் வந்து, மனிதர்களால் மீண்டும் கணினியில் பதியப்பட வேண்டியிருந்தது. 2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரண்டாவது அலை மெல்பர்னைத் தாக்கிய போது அந்த ஏற்பாடு திணறியது.

அந்த ஆண்டு செப்டம்பரில் விக்டோரியாவில் இருந்து ஒரு குழு, நாட்டின் தலைமை விஞ்ஞானியாக இருந்த ஆலன் ஃபிங்கலுடன் சிட்னிக்குச் சென்று, அங்கு பணி நடைபெறும் விதத்தை நேரில் பார்த்தது. விக்டோரியா புதிய மென்பொருளுக்கு மாறியது. அதைவிட முக்கியமாக, தனது பொதுச் சுகாதாரப் பணியை உள்ளூர் மட்டத்துக்குக் கொண்டு செல்லத் தொடங்கியது. பின்னர் மாநிலம் முழுவதும் ஒன்பது உள்ளூர்ப் பொதுச் சுகாதாரப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. 2020 நவம்பரில் ஃபிங்கல் தலைமையிலான தேசிய ஆய்வுக்குழு, தொடர்பாளர்களைக் கண்டறியும் பணி முழுமையாக மின்னணு முறையில் நடைபெற வேண்டும் என்றும், அதற்கேற்ற பயிற்சி பெற்ற பணியாளர்கள் தயார் நிலையில் இருக்க வேண்டும் என்றும் வலியுறுத்தியது.

செயலியும் மனிதர்களும்

இதே காலத்தில் ஆஸ்திரேலிய மத்திய அரசு வேறொரு வழியையும் முயன்று பார்த்தது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் தேதி 'கோவிட்சேஃப்' என்ற கைத்தொலைபேசிச் செயலி அறிமுகப்படுத்தப்பட்டது. அருகருகே இருக்கும் தொலைபேசிகள் புளூடூத் மூலம் ஒன்றை ஒன்று அடையாளம் கண்டு பதிவு செய்துகொள்ளும். ஒருவருக்குத் தொற்று உறுதியானால், அவரது அருகில் இருந்தோரின் பட்டியல் சுகாதாரப் பணியாளர்களுக்குக் கிடைக்கும். எழுபது லட்சத்துக்கும் அதிகமான முறை அது பதிவிறக்கம் செய்யப்பட்டது.

அதன் பலன் என்ன என்பதை நியூ சவுத் வேல்ஸில் ஆராய்ந்தவர்கள் பின்னர் வெளியிட்டனர். 2020ஆம் ஆண்டு மே மாதம் முதல் நவம்பர் வரையான ஆறு மாதங்களில் அம்மாநிலத்தில் ஆராயப்பட்ட 619 தொற்றாளர்களுக்கு, வழக்கமான விசாரணை மூலம் 25,300க்கும் அதிகமான நெருங்கிய தொடர்பாளர்கள் கண்டறியப்பட்டனர். செயலியைப் பயன்படுத்தியிருந்தோர் 137 பேர். செயலி சுட்டிக்காட்டிய 205 பேரில் 79 பேர் மட்டுமே உண்மையில் நெருங்கிய தொடர்பாளர்கள் என்ற வரையறைக்குள் வந்தனர். அந்த 79 பேரிலும், மனித விசாரணையில் தவறிப்போயிருந்தோர் 17 பேர் மட்டுமே. செயலி தமது வேலையைக் குறைக்கவில்லை, கூட்டியது என்பதே பணியாளர்களின் கருத்தாக இருந்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அச்செயலி கைவிடப்பட்டது.

தொழில்நுட்பமே பயனற்றது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கடைகளின் வாயிலில் ஒட்டப்பட்ட கியூஆர் குறியீட்டை வருடிப் பதிவு செய்யும் எளிய முறை, யார் எப்போது எங்கே இருந்தார் என்ற பட்டியலைப் பணியாளர்களுக்கு விரைவாகத் தந்தது. அவர்களது அன்றாட விசாரணையில் எழும் கேள்விக்கு அது விடை அளித்தது. கோவிட்சேஃப் செயலியோ, பணியாளர்கள் சரிபார்க்க வேண்டிய இன்னொரு பட்டியலாகவே அவர்களிடம் வந்து சேர்ந்தது. கருவியை வடிவமைக்கும் போது, அதனைக் கையாளப் போகும் தாதியும் விசாரணை அதிகாரியும் மேசையில் இருந்தார்களா என்பதே இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு என்று சொல்லலாம். மேசையில் அமர்ந்து பேச, அவர்களுக்கும் அந்தத் துறையின் மொழி ஓரளவு தெரிந்திருக்க வேண்டும்.

அடிப்படைத் திறன் இல்லாவிட்டால் என்ன நேரும் என்பதற்குப் பிரிட்டனில் ஓர் உதாரணம் உண்டு. 2020ஆம் ஆண்டு செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, இங்கிலாந்தில் 15,841 தொற்றாளர்களின் விபரங்கள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. ஆய்வுகூட முடிவுகள், எக்செல் மென்பொருளின் பழைய வடிவிலான கோப்புகளில் ஏற்றப்பட்டதே காரணம். அந்த வடிவம் ஏறத்தாழ 65,000 வரிசைகளுக்கு மேல் தாங்காது. மேலதிக வரிசைகள் ஓசையின்றி விடுபட்டுப் போயின. அதன் விளைவாக, அத்தொற்றாளர்களுடன் பழகியோரைத் தேடும் பணியும் பல நாட்கள் தாமதமாயிற்று. பெரும் பொருட்செலவில் அமைக்கப்பட்ட ஒரு தேசிய ஏற்பாடு, கோப்பின் வகை பற்றிய ஒரு சிறு தகவலில் தடுக்கி விழுந்தது.

மேற்கு சிட்னியின் 2021

சிறந்த அமைப்புக்கும் எல்லை உண்டு என்பதை 2021ஆம் ஆண்டு உணர்த்தியது. ஜூன் மாதத்தில் சிட்னியின் கிழக்கே தொடங்கிய டெல்டா திரிபின் பரவல், விரைவிலேயே மேற்கு, தென்மேற்குப் புறநகர்களுக்கு நகர்ந்தது. பரமட்டா, கம்பர்லண்ட், பிளாக்டவுன் உள்ளிட்ட 12 உள்ளாட்சிப் பகுதிகள் கூடுதல் கட்டுப்பாடுகளுக்கு உள்ளாயின. செப்டம்பரில் மாநிலத்தின் நாளாந்தத் தொற்று எண்ணிக்கை 1,500ஐத் தாண்டியது. ஒவ்வொரு தொற்றாளரையும் தொலைபேசியில் அழைத்து நீண்ட நேரம் விசாரிப்பது இயலாத காரியமாயிற்று. குறுஞ்செய்தி மூலம் கேள்விப் பட்டியல்களை அனுப்பி, விடைகளை இணையம் வழியாகப் பெறும் முறைக்கு மாற வேண்டி வந்தது.

வேறு துறைகளில் இருந்து அவசரமாக அழைத்து வரப்பட்டோர் பலர். அவர்களுக்கு மென்பொருளில் எந்தப் பெட்டியில் எதனை நிரப்ப வேண்டும் என்று சில நாட்களில் கற்பித்துவிடலாம். ஆனால் ஏன் அந்தப் பெட்டி இருக்கிறது, தவறாக நிரப்பினால் அடுத்த கட்டத்தில் யார் பாதிக்கப்படுவார் என்ற புரிதல் சில நாட்களில் வருவதில்லை. நோய் தொடங்கிய தேதிக்கும் பரிசோதனைத் தேதிக்கும் இடையிலான வேறுபாட்டை அறியாமல் பதிந்தால், தனிமைப்படுத்தலின் காலக்கெடுவே மாறிவிடும். அத்தவறுகளைக் கண்டு திருத்தும் வேலை, ஏற்கனவே களைத்துப் போயிருந்த அனுபவசாலிகளின் தோளில் விழுந்தது.

வெஸ்ட்மீட்டில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்து கொண்டிருந்தது. அங்குள்ள நோயியல் ஆய்வு நிலையம், வைரஸின் மரபணுத் தொடரைப் பிரித்தறிந்து, எந்தத் தொற்று எந்தத் தொற்றில் இருந்து வந்திருக்கலாம் என்று கணிக்கும் பணியை 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே ஆரம்பித்திருந்தது. மூலம் தெரியாத தொற்று ஒன்றை, அறியப்பட்ட ஒரு கொத்துடன் இணைக்க அது உதவியது. ஆயினும் மரபணு வரைபடம் தானாகப் பேசுவதில்லை. அதனைக் கள விசாரணையின் குறிப்புகளுடன் பொருத்திப் பார்க்கத் தெரிந்த பணியாளர் உள்ளூர்ப் பிரிவில் இருந்தால்தான் அது ஒரு கதவைத் தட்டுவதற்கான காரணமாக மாறும்.

தமிழ்ப் பெயரும் தரவுப் பெட்டியும்

பரமட்டா போன்ற பன்மொழிப் பகுதியில் தரவுத் திறன் என்பது கணிதம் மட்டும் சார்ந்ததல்ல. தமிழர்களின் பெயர்களையே எடுத்துக்கொள்ளலாம். குடும்பப் பெயர், முதற்பெயர் என்று இரண்டு பெட்டிகளைக் கேட்கும் படிவத்தில், தந்தையின் பெயரையோ முன்னெழுத்தையோ கொண்ட தமிழர் எதை எங்கே எழுதுவார்? கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும், மருத்துவ அட்டையில் வேறு விதமாகவும், மருத்துவமனைப் பதிவில் இன்னொரு விதமாகவும் அது பதிவாகிவிடுகிறது. சுப்பிரமணியம், சிவகுமார் போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுத ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. கணவன், மனைவி, பிள்ளைகள் ஆகியோர் வெவ்வேறு கடைசிப் பெயர்களைக் கொண்டிருப்பதும் சகஜம்.

இதனால் ஒரே மனிதர் இரண்டு பேராகவும், இரண்டு பேர் ஒருவராகவும் கணினியில் தோன்றக்கூடும். யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ போடப்பட்ட தடுப்பூசி ஆஸ்திரேலியப் பதிவேட்டில் ஏற்றப்படாமல் இருந்தால், தடுப்பூசி பெற்ற குழந்தை பெறாததாகக் கணக்கிடப்படும். பெயர்களைப் பொருத்தும் மென்பொருள் இவற்றில் சிலவற்றைக் கண்டுபிடிக்கும். பிறந்த தேதியையும் தொலைபேசி எண்ணையும் முகவரியையும் சேர்த்துப் பார்த்து, இது ஒரே குடும்பம் என்று ஊகிக்கும் பழக்கம் பயிற்சி பெற்ற பணியாளருக்கே வாய்க்கும். தமிழ் அறிந்த ஒருவர் அப்பணியில் இருந்தால் அது இன்னும் எளிது.

வீட்டில் பேசும் மொழி எது, மொழிபெயர்ப்பாளர் தேவையா என்ற கேள்விகளுக்கான பெட்டிகள் வெறுமையாக விடப்படுவதும் அற்ப விஷயமல்ல. எந்தச் சமூகத்தில் நோய் பரவுகிறது, எந்த மொழியில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற தீர்மானம் அந்தப் பெட்டிகளில் இருந்தே பிறக்கிறது.

இலங்கையும் தமிழ்நாடும்

உள்ளூர்த் திறனை வளர்ப்பதற்குச் செல்வந்த நாடாக இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை என்பதற்கு இலங்கை ஒரு சான்று. 2009ஆம் ஆண்டில் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம், நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன், மருத்துவர்களுக்கான மருத்துவத் தகவலியல் முதுகலைப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. அதில் பயின்ற வைத்தியர்கள் சுகாதார அமைச்சிலும் மாகாணங்களிலும் பணியில் அமர்ந்தனர்.

2020ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் இலங்கையில் முதல் கோவிட் தொற்று கண்டறியப்பட்ட வேளையில், இவ்வாறு உருவான நிபுணர் குழாம், ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கட்டணமற்ற 'டிஎச்ஐஎஸ் 2' என்ற திறந்த மென்பொருளைப் பயன்படுத்தி, விமான நிலையத்தில் வந்திறங்கும் பயணிகளைப் பின்தொடரும் பதிவு முறையைச் சில நாட்களிலேயே உருவாக்கியது. பின்னர் அதனை அடிப்படையாகக் கொண்ட வடிவங்களை வேறு பல நாடுகளும் பயன்படுத்தின. மென்பொருள் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைத்தது. அதனைச் சில நாட்களில் மாற்றியமைக்கத் தெரிந்தவர்கள் இலங்கையில் இருந்ததற்குக் காரணம், பத்தாண்டுகளுக்கு முன்னர் விதைக்கப்பட்ட பயிற்சி.

தமிழ்நாட்டின் அனுபவம் வேறொரு பக்கத்தைக் காட்டுகிறது. பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும், 1939ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட தனிச் சட்டமும் கொண்ட மாநிலம் அது. கர்ப்பிணிகளையும் சிசுக்களையும் தனித்தனியாகப் பதிந்து கண்காணிக்கும் 'பிக்மி' என்ற இணையவழித் திட்டத்தில், கிராம சுகாதாரச் செவிலியர்களே தகவல்களைத் திரட்டி வந்துள்ளனர். ஒவ்வொரு தாயையும் தவறவிடாமல் பின்தொடர அது வழி செய்தது. அதே வேளையில், கள வேலையுடன் கணினிப் பதிவையும் சேர்த்துச் செய்ய வேண்டியிருப்பது குறித்தும், இணைய வசதிக் குறைபாடுகள் குறித்தும் செவிலியர்கள் முறையிட்டும் போராடியும் வந்துள்ளனர். காகிதப் பதிவேட்டை நீக்காமல் அதன் மேல் கணினிப் பதிவையும் ஏற்றினால், திறன் வளர்வதற்குப் பதிலாக வெறுப்பே வளரும் என்பது அதில் உள்ள பாடம்.

எதைக் கற்பிப்பது, எப்படிக் கற்பிப்பது?

பொதுச் சுகாதாரப் பணியாளர்கள் அனைவரும் மென்பொருள் பொறியாளர்களாக வேண்டியதில்லை. ஒவ்வொருவருக்கும் தேவையான அளவு வேறு வேறு. தகவலைப் பதிவு செய்பவருக்கு, ஒவ்வொரு விபரத்தின் பொருளும் அதன் பின்விளைவும் தெரிய வேண்டும். அறிவிப்புகளைக் கண்காணிப்பவருக்கு, விடுபட்டவற்றையும் முரண்பட்டவற்றையும் கண்டுபிடிக்கும் பழக்கம் வேண்டும். தொற்றுநோயியல் நிபுணருக்கு, எக்செல் தாளைத் தாண்டி, அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 1985ஆம் ஆண்டு முதல் இலவசமாக வழங்கி வந்த எபி இன்ஃபோ, நியூசிலாந்தின் ஆக்லாந்தில் உருவான 'ஆர்' மொழி போன்றவற்றில் பயிற்சி வேண்டும். பிரிவின் தலைவருக்கு, மென்பொருள் நிறுவனத்திடம் எதைக் கேட்க வேண்டும், எதை மறுக்க வேண்டும் என்ற தெளிவு வேண்டும்.

வரைபடங்களைக் கையாளும் திறனையும் இதில் சேர்க்க வேண்டும். லீஜனேயர் நோய் பரவும் போது, கட்டடங்களின் மேல் உள்ள குளிரூட்டும் கோபுரங்களில் எது மூலம் என்று தேட வேண்டியுள்ளது. நியூ சவுத் வேல்ஸில் 2018ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கோபுரத்துக்கும் தனி அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது. உள்ளாட்சி மன்றங்கள் வைத்திருக்கும் அந்தப் பட்டியலையும் நோயாளிகளின் நடமாட்டத்தையும் ஒரே வரைபடத்தில் இடத் தெரிந்தால், சோதிக்க வேண்டிய கோபுரங்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். நுளம்பு எனவும் கொசு எனவும் நாம் அழைக்கும் பூச்சிகளின் கண்காணிப்புக்கும் இது பொருந்தும். மாநிலத்தின் நுளம்புக் கண்காணிப்புத் திட்டத்தின் ஆய்வுகூடப் பணிகள் வெஸ்ட்மீட்டில்தான் நடைபெற்று வந்துள்ளன.

அந்தரங்கத்தைக் காப்பது அனைவருக்கும் பொதுவான பாடம். நியூ சவுத் வேல்ஸில் நோயாளிகளின் தகவல்களைக் காக்க 2002ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும், 2022ஆம் ஆண்டில் மெடிபேங்க் என்ற காப்புறுதி நிறுவனத்தின் 97 லட்சம் வாடிக்கையாளர்களின் விபரங்கள் திருடப்பட்டமை, சட்டம் மட்டும் போதாது என்பதை ஆஸ்திரேலியர்களுக்கு உணர்த்தியது. தனது நோய் விபரம் கசியும் என்று அஞ்சும் ஒருவர், அடுத்த முறை பணியாளரின் தொலைபேசி அழைப்புக்கு உண்மையான விடை தர மாட்டார். அந்த நம்பிக்கையை இழந்தால் எந்த மென்பொருளும் உதவாது.

பயிற்சியின் முறையும் முக்கியம். மாநிலத்தின் சுகாதாரக் கல்வி, பயிற்சி நிறுவனம் இணையவழிப் பாடங்களைப் பணியாளர்களுக்கு வழங்குகிறது. அவை தொடக்கத்துக்கு நல்லவை. ஆனால் திரையில் பொத்தான்களை அழுத்தி முடிக்கும் பாடம், உண்மையான பட்டியல் ஒன்றைச் சீர்செய்யும் அனுபவத்துக்கு ஈடாகாது. அடையாளங்கள் நீக்கப்பட்ட பழைய நோய்ப்பரவல்களின் தரவுகளைக் கொண்டு ஒத்திகை நடத்துவது, ஒவ்வொரு பிரிவிலும் சக பணியாளர்களுக்குக் கைகொடுக்கும் ஓரிருவரை வளர்ப்பது, கற்பதற்கென வேலை நேரத்திலேயே மணிநேரங்களை ஒதுக்குவது ஆகியன அதிகச் செலவற்ற வழிகள். ஆயினும் நெருக்கடி இல்லாத காலத்தில், நிதி ஒதுக்குவோரின் கண்ணுக்கு இவை அவசரமானவையாகத் தெரிவதில்லை.

அடுத்த சோதனைக்கு முன்னர்

ஆஸ்திரேலியாவில் நோய்க் கட்டுப்பாட்டுக்கான தேசிய மையம் 2024ஆம் ஆண்டு ஜனவரியில் இடைக்கால வடிவில் தொடங்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் தனது அரசு மருத்துவமனைகள் அனைத்துக்கும் பொதுவான ஒரே மின்னணு நோயாளர் பதிவேட்டை நோக்கி நகர்கிறது. தரவுகளைத் தாமாகவே வாசித்துச் சுருக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வாயிலில் நிற்கின்றன. இவை அனைத்தும் உள்ளூர்ப் பணியாளரின் தேவையைக் குறைக்கும் என்று எண்ணுவது தவறு. கருவி எவ்வளவு விரைவாக விடை தருகிறதோ, அந்த விடை சரியா என்று ஐயுறத் தெரிந்தவரின் தேவையும் அவ்வளவுக்கு அதிகமாகும்.

கோவிட் காலத்தில் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கானோர் தற்காலிகமாக இப்பணியில் சேர்க்கப்பட்டனர். நெருக்கடி தணிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் தத்தம் பழைய தொழில்களுக்குத் திரும்பிவிட்டனர். அவர்கள் கற்றதில் எவ்வளவு எழுதி வைக்கப்பட்டது, எத்தனை பேர் மீண்டும் அழைக்கப்படக்கூடிய பட்டியலில் உள்ளனர், நிரந்தரப் பணியாளர்களில் எத்தனை பேருக்கு அந்த அனுபவம் முறையான பயிற்சியாக மாற்றப்பட்டது என்ற கேள்விகளை ஒவ்வொரு மாவட்டமும் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது.

2000ஆம் ஆண்டின் ஒலிம்பிக் கண்காணிப்பில் பழகிய துறை, 2003இல் அதனை நிரந்தரமாக்கியது, 2009இல் பயன்படுத்தியது, 2020இல் அதன் பலனை அறுவடை செய்தது. அந்த இருபது ஆண்டுத் தொடர்ச்சியை எந்த நிறுவனத்திடமும் அவசரக் கொள்முதல் ஆணை மூலம் பெற்றிருக்க முடியாது. பரமட்டாவின் ஒரு மருத்துவரது காத்திருப்பு அறையில் அடுத்த தட்டம்மை நோயாளி அமரும் போது, அவருக்கு அருகில் இருந்த கைக்குழந்தைக்கு உரிய நேரத்தில் பாதுகாப்புக் கிடைக்குமா என்பது, இரு பட்டியல்களை விரைவாக ஒன்றிணைக்கத் தெரிந்த ஒரு பணியாளர் அன்று கடமையில் இருப்பதைப் பொறுத்தே அமையும்.